உடற்பயிற்சி அறிவியல் படித்து மருத்துவத் துறைக்குள் போக நினைப்பவர்களுக்கு

சுகர் இருக்கிற ஒருவர் டாக்டரைப் பார்த்துவிட்டு வரும்போது கையில் இருக்கும் சீட்டைப் பாருங்கள். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, எத்தனை நாளைக்கு, எல்லாம் எழுதியிருக்கும். உடற்பயிற்சி என்று வந்தால் மட்டும் "டெய்லி வாக்கிங் போங்க" என்ற ஒற்றை வரியோடு சரி. எவ்வளவு வேகமாக நடப்பது, எத்தனை நிமிடம், மூட்டு வலி இருந்தால் என்ன செய்வது, ஸ்டென்ட் வைத்தவர் எந்த அளவுக்கு மூச்சு வாங்கும்வரை போகலாம், இதையெல்லாம் உட்கார்ந்து சொல்ல அங்கே ஆள் கிடையாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 'இன்டியாப்' என்ற சர்க்கரை நோய் ஆய்வு 2023-இல் வெளிவந்தது, அது நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. அத்தனை பேரும் அந்த ஒற்றை வரியோடுதான் வீட்டுக்குப் போகிறார்கள். அந்த வரியை முழுச் சீட்டாக எழுதத் தெரிந்தவர் ஆவதுதான் உடற்பயிற்சி அறிவியல் படிப்பதன் பயன் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பிளஸ் டூ முடித்துவிட்டு இந்தப் படிப்பைப் பற்றி யோசிக்கிறவர்களுக்கும், சேர்ந்துவிட்டு "அடுத்து என்ன" என்று முழிக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

முதலில் இது எது இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் சொன்னால் "பி.டி. வாத்தியார் படிப்பா?" என்று கேட்பார்கள். இல்லை, அது பி.பி.எட். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் ஆவதற்கான வழி அது, அதற்கென்று நல்ல பாரம்பரியமும் உண்டு. சென்னை நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஹாரி குரோ பக் 1920-இல் தொடங்கினார், அப்போதிருந்து அந்தப் பயிற்சி இங்கே நடக்கிறது. பிசியோதெரபியும் வேறு. அது பி.பி.டி. பட்டம், அடிபட்டவர்களையும் பக்கவாதம் வந்தவர்களையும் பரிசோதித்துச் சிகிச்சை கொடுக்கும் தொழில், 2021-இல் வந்த தேசிய துணை மருத்துவத் தொழில்களுக்கான ஆணையச் சட்டத்தில் அது தனிப் பிரிவாகவே வருகிறது. உடற்பயிற்சி அறிவியல் பி.எஸ்சி. முடித்த ஒருவர் தன்னை பிசியோ என்று சொல்லிக்கொள்ளவும் முடியாது, அந்த வேலையைச் செய்யவும் கூடாது. சில வாரம் ஜிம் டிரெய்னர் கோர்ஸ் போய்ச் சர்டிபிகேட் வாங்குவதும் இது இல்லை.

அப்படியானால் இது என்ன? உடல் அசையும்போது இதயம், நுரையீரல், தசை, ரத்தக் குழாய், மூளை எல்லாம் எப்படி வேலை செய்கின்றன, அதை எப்படி அளப்பது, அளந்ததை வைத்து ஒருவருக்கு எந்தப் பயிற்சியை எவ்வளவு கொடுப்பது, இதுதான் மொத்தப் படிப்பும். இதன் வேர்களில் ஒன்று 1953-இல் ஜெர்ரி மோரிஸ் வெளியிட்ட லண்டன் பஸ் ஆய்வு. ஒரே டபுள் டெக்கர் பஸ்ஸில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. அசைவு என்பது மருந்தைப் போல அளவு பார்த்துக் கொடுக்கவேண்டிய விஷயம் என்ற எண்ணம் அந்த மாதிரி ஆய்வுகளில் இருந்துதான் வளர்ந்தது.

எந்த வாசலுக்குப் போகிறீர்கள் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்

இதைத்தான் பெரும்பாலானவர்கள் கடைசி வருடத்துக்குத் தள்ளிப்போடுகிறார்கள். பட்டம் கையில் வந்த பிறகு "இதை வைத்து என்ன வேலை" என்று தேடினால் ஜிம் ஒன்றுதான் கண்ணில் படும். ஜிம் வேலையில் தவறே இல்லை, பல பேருக்கு அதுதான் முதல் சம்பளம். ஆனால் மருத்துவத் துறை என்று மனதில் வைத்துக்கொண்டு வந்திருந்தால் முதல் வருடத்திலேயே இதை யோசித்துவிடவேண்டும்.

அடிபட்டவர்களுக்குக் கை வைத்துச் சிகிச்சை கொடுக்கவேண்டும், கிளினிக் வைக்கவேண்டும், இந்தியாவிலேயே இருக்கவேண்டும் என்பது உங்கள் ஆசையானால் நேராக பி.பி.டி.க்கே போய்விடுங்கள், சுற்றி வரவேண்டாம். அதற்குப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். டயட்டீஷியன் ஆகவேண்டுமென்றால் உணவு, ஊட்டச்சத்துப் படிப்பு தனியாக இருக்கிறது. உடற்பயிற்சி அறிவியல் பாடத்திட்டத்தில் நியூட்ரிஷன் ஒரு பேப்பர் வருவதால் மட்டும் டயட் சார்ட் எழுதிக் கொடுக்கும் தகுதி வந்துவிடாது. இதய மறுவாழ்வு மையம், சர்க்கரை நோய் மருத்துவமனை, முதியோர் பராமரிப்பு, விளையாட்டு அணிகளின் சோதனைக்கூடம், ஆராய்ச்சி, இந்தப் பக்கம் மனம் போகிறதென்றால் உடற்பயிற்சி அறிவியல் சரியான தேர்வு. நம் ஊரில் இந்த வேலைகளுக்கு இன்னும் நிலையான பதவிப் பெயர்கூட உருவாகவில்லை. ஒரே வேலைக்கு ஒரு மருத்துவமனையில் ஒரு பெயர், இன்னொன்றில் இன்னொரு பெயர். விளம்பரம் பார்த்துக் கிடைக்கிற வேலை குறைவு, இன்டர்ன்ஷிப் செய்த இடத்திலேயே "நீங்களே இருங்க" என்று சொல்லிக் கிடைப்பது அதிகம். இதைத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

வெளிநாடு போகும் யோசனை இருந்தால் கணக்கு மாறும். ஆஸ்திரேலியாவில் உடற்பயிற்சி உடலியல் நிபுணர் என்பது முறையாக அங்கீகரிக்கப்பட்ட மருத்துவத் தொழில், நாள்பட்ட நோய் உள்ளவர்கள் குடும்ப டாக்டரின் பரிந்துரையோடு போனால் அரசின் மெடிகேர் திட்டத்திலேயே சில அமர்வுகளுக்குப் பணம் கிடைக்கும். பிரிட்டனில் இது போன்ற பட்டம் வைத்திருப்பவர்கள் பதிவுக்கு முந்தைய பிசியோதெரபி எம்.எஸ்சி.யை இரண்டு வருடத்தில் முடித்து, அங்கே பிசியோக்களைப் பதிவு செய்யும் அமைப்பான எச்.சி.பி.சி.யில் பதிவு செய்யலாம். அமெரிக்காவில் பிசியோதெரபிக்கு இளநிலைப் பட்டமே கிடையாது. ஏதோ ஒரு பி.எஸ்சி. முடித்துவிட்டு, பெரும்பாலும் மூன்று வருட டி.பி.டி. என்ற முனைவர் நிலைப் படிப்புக்குப் போகவேண்டும், அதற்கு முன் இயற்பியல், வேதியியல், உடற்கூறியல், புள்ளியியல் எல்லாம் செய்முறையோடு படித்திருக்கவேண்டும். அங்கே உடற்பயிற்சி அறிவியலை நிறையப் பேர் எடுப்பதற்கு அதுதான் காரணம். நம் மூன்று வருடப் பட்டத்தைச் சில பல்கலைக்கழகங்கள் முழுமையான இளநிலையாக ஏற்பதில்லை, அதனால் அந்த ஆசை இருந்தால் நான்கு வருட ஹானர்ஸ் இருக்கிற கல்லூரியாகப் பாருங்கள்.

கல்லூரி பார்க்கும்போது

வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரில் இருக்கிற தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம், போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா, கர்நாடகத்தில் மணிப்பால், இவையெல்லாம் தேடும்போது முதலில் கண்ணில் படும் பெயர்கள். படிப்பின் பெயர், காலம், எந்த குரூப் படித்தவர்களை எடுப்பார்கள் என்பதெல்லாம் வருடத்துக்கு வருடம் மாறும், அந்தந்த வருட அறிவிப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கட்டடத்தையும் நீச்சல் குளத்தையும் பார்த்து மயங்கவேண்டாம். சோதனைக்கூடத்துக்குப் போய் மூச்சில் போகும் ஆக்சிஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் அளக்கும் கருவி இருக்கிறதா, ஈ.சி.ஜி. இணைத்த ட்ரெட்மில் இருக்கிறதா, அவை ஓடுகின்றனவா என்று கேளுங்கள். கேட்பதைவிட நல்ல வழி, இரண்டாம் வருட மாணவர் ஒருவரைத் தனியாகப் பிடித்து "கடைசியாக அந்த மெஷினை நீங்க எப்போ தொட்டீங்க?" என்று விசாரிப்பது. "சார் செஞ்சு காட்டினாரு, நாங்க ரெக்கார்ட் எழுதினோம்" என்று பதில் வந்தால் யோசியுங்கள். மருத்துவமனையோடு ஒப்பந்தம் இருக்கிறதா, எத்தனை வாரம் போஸ்டிங், அங்கே உங்களை நோயாளிக்குப் பக்கத்தில் விடுவார்களா, இல்லை ஓரமாக நிற்கவைப்பார்களா என்பது அடுத்த கேள்வி.

முதல் வருடம்: கையைப் பழக்குங்கள்

அனாட்டமியை மனப்பாடம் செய்து அரியர் இல்லாமல் பாஸ் செய்துவிடலாம். ஆனால் தசையின் பெயரைச் சொல்லத் தெரிந்து, அதை ஆள் மேல் தொட்டுக் காட்டத் தெரியாவிட்டால் பிரயோசனம் இல்லை. ஒவ்வொரு பாடம் முடிந்ததும் நண்பரின் தோளிலும் முழங்காலிலும் அதைத் தேடுங்கள். மெலிந்தவர், குண்டானவர், வயதானவர் என்று வெவ்வேறு உடம்பில் தேடினால்தான் விரல் பழகும்.

பி.பி. பார்ப்பதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள், மருத்துவமனையில் உங்கள் மேல் நம்பிக்கை வருவதும் போவதும் அதில்தான். ஆளை முதுகு சாய்த்து, கால் தரையில் பதிய, கால் மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வையுங்கள். காபி குடித்தோ சிகரெட் பிடித்தோ அரை மணி நேரமாவது ஆகியிருக்கவேண்டும். கை இதய மட்டத்தில் இருக்கட்டும். பட்டையைச் சட்டைக் கைக்கு மேல் சுற்றாதீர்கள், அளவு சின்னதாக இருந்தால் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். முதலில் மணிக்கட்டு நாடியைத் தொட்டுக்கொண்டே காற்றடித்து, நாடி மறையும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதற்கு மேல் 30 வரை ஏற்றி, நொடிக்கு 2, 3 மில்லிமீட்டர் என்ற வேகத்தில் மெதுவாக இறக்கவேண்டும். அவசரமாகச் சரசரவென்று இறக்கினால் முதல் சத்தத்தைத் தவறவிட்டு, 150 இருக்கிறவருக்கு 140 என்று எழுதிவிடுவோம். டிஜிட்டல் மெஷின் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். ட்ரெட்மில்லில் ஓடிக்கொண்டிருப்பவருக்குக் கையால் பார்த்தால்தான் சரியாக வரும்.

ஆறு நிமிட நடைச் சோதனை

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பெரிய கருவி எதுவும் வேண்டாம், கல்லூரி வராந்தா போதும், ஆனால் மொத்தப் படிப்பும் இதற்குள் அடங்கிவிடும். நுரையீரல் நோயாளிகளுக்கும் இதயம் பலவீனமானவர்களுக்கும் உலகம் முழுக்கச் செய்கிறார்கள்.

30 மீட்டர் நேரான, சமமான இடத்தை அளந்து, மூன்று மீட்டருக்கு ஒரு கோடு போட்டு, இரண்டு முனையிலும் கூம்பு வையுங்கள். பக்கத்தில் ஒரு நாற்காலி. ஆரம்பிக்கும் முன் பி.பி., நாடி, ஆக்சிஜன் அளவு எல்லாம் பாருங்கள். ஓய்விலேயே நாடி 120-க்கு மேல் இருந்தாலோ, பி.பி.யின் மேல் எண் 180-க்கு மேலோ கீழ் எண் 100-க்கு மேலோ இருந்தாலோ நடக்க வைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு மாதத்துக்குள் மாரடைப்பு வந்தவர் என்றால் அன்றைக்குச் சோதனையே கிடையாது. "ஆறு நிமிஷத்துல முடிஞ்ச வரைக்கும் அதிக தூரம் நடங்க, ஓடக்கூடாது, மூச்சு வாங்கினா நின்னுக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். அவர் நின்றாலும் கடிகாரம் நிற்காது.

புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோருமே ஆர்வத்தில் நோயாளி கூடவே நடப்பார்கள். கூட நடந்தால் அவர் உங்கள் வேகத்துக்கு நடக்க ஆரம்பித்துவிடுவார், அப்புறம் அது அவருடைய அளவே இல்லை. அதே போலத்தான் உற்சாகப்படுத்துவதும். நிமிடத்துக்கு ஒரு முறை, எல்லோருக்கும் ஒரே வாசகம், ஒரே தொனி. ஒரு பாட்டியிடம் "சூப்பர் பாட்டி, இன்னும் வேகமா" என்று கத்திவிட்டு அடுத்த மாதம் அமைதியாக நின்றால், தூரம் குறைந்தது அவர் உடம்பாலா உங்கள் குரலாலா என்று தெரியாது.

இங்கேதான் புள்ளியியல் வருகிறது. எண் என்றாலே பயந்து அந்தப் பேப்பரைக் கடமைக்குப் படிக்கிறார்கள். ஒரு வேலை செய்யுங்கள்: பத்து நண்பர்களுக்கு இந்தச் சோதனையைத் திங்கள்கிழமை செய்து, புதன்கிழமை அதே நேரத்தில் மறுபடியும் செய்யுங்கள். இரண்டு நாளில் யாருடைய உடம்பும் மாறியிருக்காது, ஆனால் எண் மாறும். அந்த வித்தியாசத்தை எக்ஸெலில் போட்டுப் பாருங்கள். கொஞ்சம் சோதனைக்குப் பழகியதால் வருவது, மீதி உங்கள் அளவீட்டில் இருக்கும் தடுமாற்றம். அடுத்து ஒரு நோயாளி 12 மீட்டர் அதிகம் நடந்தார் என்றால் அது முன்னேற்றமா இல்லையா என்று சொல்ல அந்த எண்தான் உதவும். பொதுவாக நாள்பட்ட நுரையீரல் நோயாளிகளுக்கு 30 மீட்டர் அளவுக்காவது கூடினால்தான் பொருட்படுத்துவார்கள்.

இரண்டாம், மூன்றாம் வருடம்: சூத்திரத்தை நம்பி ஆளை விட்டுவிடாதீர்கள்

220-இலிருந்து வயதைக் கழித்தால் அதிகபட்ச இதயத் துடிப்பு என்று ஜிம் சுவரில் ஒட்டியிருப்பார்கள். 50 வயதுக்காரருக்கு 170. 2001-இல் வந்த தனாகாவின் சூத்திரப்படி, 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழித்தால் 173. இரண்டுமே சராசரிதான், ஒரு தனி மனிதருக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு மேலேயோ கீழேயோ இருப்பது மிகச் சாதாரணம். அதைவிட முக்கியம், அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பது. மெட்டோபிரோலால் போன்ற பீட்டா பிளாக்கர், அதாவது இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை, எடுப்பவருக்குத் துடிப்பு மற்றவர்களுக்கு ஏறுகிற அளவுக்கு ஏறாது, "120-ஐத் தொடுங்க" என்று விரட்டினால் ஆபத்து. அந்த மாதிரி நேரத்தில் போர்க் அளவுகோல் என்று 6 முதல் 20 வரை இருக்கிற ஒன்றைக் காட்டி, எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று அவரையே சொல்லச் சொல்லவேண்டும். இன்னும் எளிதாக, பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா என்று பாருங்கள். பேச முடியும், பாட முடியாது என்றால் மிதமான வேகம்.

சர்க்கரை நோயாளி என்றால் இன்சுலின் போடுகிறாரா, கிளிமிபிரைடு போன்ற, சர்க்கரையை ரொம்பவே இறக்கிவிடக்கூடிய மாத்திரை இருக்கிறதா என்று கேட்காமல் பயிற்சி ஆரம்பிக்கவே கூடாது. சுருங்கும் தசை இன்சுலின் இல்லாமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், அதனால்தான் பயிற்சி நன்மை செய்கிறது, அதே காரணத்தால்தான் வெறும் வயிற்றில் நடக்கப் போனவர் மயங்கி விழுகிறார். இந்த மருந்துகள் எடுப்பவருக்குத் தொடங்கும் முன் ரத்தச் சர்க்கரை 90-க்குக் கீழே இருந்தால் முதலில் ஏதாவது சாப்பிடவேண்டும். செருப்பைக் கழற்றச் சொல்லிக் காலைப் பாருங்கள். மரத்துப்போன காலோடு வெறுங்காலில் கோயில் பிரகாரம் சுற்றுகிறவர்கள் நம் ஊரில் நிறைய, கொப்புளம் வந்ததுகூட அவர்களுக்குத் தெரியாது.

கணக்கும் பழகுங்கள். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் சமதரையில் நடப்பது சுமார் 3.4 மெட், அதாவது சும்மா உட்கார்ந்திருக்கும்போது செலவாகும் சக்தியைப் போல 3.4 மடங்கு. 70 கிலோ எடை உள்ளவர் அரை மணி நேரம் நடந்தால் ஏறக்குறைய 125 கலோரி. இதைத் தெரிந்து வைத்திருந்தால் "ஒரு மாசமா நடக்கிறேன், எடையே குறையல" என்று வருத்தப்படுகிறவருக்கு நேர்மையான பதில் சொல்ல முடியும்: எடை மெதுவாகத்தான் குறையும், ஆனால் சர்க்கரையும் பி.பி.யும் அதற்கு முன்பே குறைய ஆரம்பிக்கலாம், நிறுத்தாதீர்கள் என்று. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் என்பதோடு, இரண்டு நாள் தசை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்பதை நம் ஆட்களிடம் யாரும் சொல்வதே இல்லை. 60 வயதுப் பெண்மணியால் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் 30 நொடிக்குள் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். அந்த எண்ணிலிருந்து அவருக்கான பயிற்சியைத் தொடங்கலாம்.

எல்லை தெரிந்திருக்கவேண்டும். பயிற்சியின்போது நெஞ்சு அடைக்கிறது, கை குடைகிறது, தலை சுற்றுகிறது என்றால் நிறுத்து, உட்கார வை, பி.பி. பார், டாக்டரைக் கூப்பிடு. முதுகு வலிக்கு என்ன காரணம் என்று நீங்கள் சொல்லக்கூடாது, பிசியோவிடம் அனுப்புங்கள். மாத்திரையைக் குறைக்கலாமா என்று கேட்டால் பதில் உங்களுடையது இல்லை. புரோட்டீன் டப்பா விற்றால் கமிஷன் தருகிறோம் என்று வருவார்கள், அந்தப் பக்கம் போகவே வேண்டாம், ஒரு முறை விற்றால் அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நோயாளி சந்தேகத்தோடுதான் கேட்பார்.

சர்டிபிகேட் விஷயம்: சி.பி.ஆர். எனப்படும், இதயம் நின்றவருக்குச் செய்யும் முதலுதவிப் பயிற்சியை முதல் வருடமே முடித்து, காலாவதி ஆகாமல் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி எனப்படும் ஏ.சி.எஸ்.எம்.மின் உடற்பயிற்சி உடலியல் தேர்வு பட்டத்துக்குப் பிறகு எழுதத் தகுந்தது. அணிகளோடு வேலை செய்ய ஆசைப்படுகிறவர்கள் விளையாட்டு வீரர்களின் வலுப் பயிற்சியாளர்களுக்கான சி.எஸ்.சி.எஸ். சர்டிபிகேட்டைப் பார்ப்பார்கள், அதற்கு 2030 முதல் அங்கீகாரம் பெற்ற படிப்பில் பட்டம் வேண்டும் என்று அறிவித்திருந்தார்கள், இப்போதைய விதி என்ன, உங்கள் கல்லூரி அதில் வருமா என்று பணம் கட்டும் முன் விசாரியுங்கள். படிக்கும்போதே வார இறுதிச் சர்டிபிகேட்டுகளாக வாங்கிக் குவிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தப் பணத்தில் நல்ல பி.பி. கருவியும் ஸ்டெதஸ்கோப்பும் வாங்கிக்கொண்டு, பக்கத்து முதியோர் இல்லத்தில் அனுமதி வாங்கி, வாரத்துக்கு ஒரு நாள் போய்வந்தால் கற்றுக்கொள்வது அதிகம்.

கடைசி செமஸ்டரில் இரண்டு ஃபைல் தயாராக இருக்கட்டும். ஒன்றில் நீங்கள் பார்த்தவர்களின் விவரம், பெயர் இல்லாமல்: வயது, நோய், மருந்து, முதல் நாள் அளவு, கொடுத்த பயிற்சி, ஏன் அதைக் கொடுத்தீர்கள், எட்டு வாரம் கழித்து என்ன அளவு, எது பலன் தரவில்லை. இன்டர்வியூவில் மார்க் ஷீட்டைவிட இதைத்தான் புரட்டிப் பார்ப்பார்கள், பலன் தராததைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். இன்னொன்றில் ஒவ்வொரு செமஸ்டரின் முழுப் பாடத்திட்டம், எத்தனை மணி நேரம் செய்முறை, போஸ்டிங் சான்றிதழ், எல்லாம் கல்லூரி முத்திரையோடு. மேற்படிப்புக்கோ வெளிநாட்டுக்கோ விண்ணப்பிக்கும்போது இதைக் கேட்பார்கள், படித்து முடித்துப் போன பிறகு அலுவலகத்தில் கேட்டு வாங்குவது பெரும்பாடு, அதனால் அங்கே இருக்கும்போதே வாங்கி ஸ்கேன் செய்து வைத்துவிடுங்கள்.